மீன்தொட்டியைக் கழுவிய பிறகு

ஏரிக்கரைக் குடியிருப்பின் சி பிளாக்கில், ஆயுத பூஜை அன்று காலை, பன்னிரண்டு வீடுகளில் ஒரு வீட்டிலும் தயிர் உறையவில்லை. புரை ஊற்றி மூடிவைத்த பால் பாலாகவே இருந்தது, இட்லி மாவு அரை விரல்கூட எழும்பாமல் அரைத்து ஊற்றிய மட்டத்திலேயே கிடந்தது, குப்பைக்கூடையில் போட்ட வாழைப்பழத் தோல் உரித்த நேரத்து மஞ்சளோடு அப்படியே இருந்தது, அலுவலகம் போய்வந்து கழற்றிப் போட்ட சட்டைகளின் கழுத்துப்பட்டையில் துவைக்கத் தேவையான ஒரு கோடும் இல்லை. முதல் மாடி லோகநாயகி தயிர்ப் பாத்திரத்தோடு படிக்கட்டில் நின்று, "பனி இறங்கிடுச்சுல்ல, அதான்" என்றாள். பனிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இருந்தாலும் எல்லோரும் ஆமாம் என்றார்கள், ஏனென்றால் அடுப்பில் வேறு வேலை இருந்தது.

இரண்டாம் மாடியில் இருந்த பூங்கோதை மட்டும் ஆமாம் சொல்லவில்லை. அவள் எதற்குமே அதிகம் சொல்கிற பெண் இல்லை என்பதால் அதை யாரும் கவனிக்கவுமில்லை.

பூங்கோதைக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காய்கறிக்காரர் மீதிச் சில்லறை தர மறந்தால் கேட்காமல் வந்துவிடுவாள், பேருந்தில் இறங்க வேண்டிய இடம் தாண்டினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாள். அவள் வாய்விட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க முடிந்த ஒரே இடம், தரைத்தளத்தில் ஆதிமூலம் சாரின் வீட்டுக் கூடம். முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கி ஓய்வுபெற்ற, கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர் அவர். கூடத்தின் ஒரு சுவர் முழுக்க நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் ஏழு வருடமாக மீன்கள். ஒரு ஜோடி ஏஞ்சல், ஆறு கறுப்பு மோலி, ஐந்து கப்பி, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் ஒரு சக்கர் மீன், ஆகப் பதினான்கு. "எப்ப வேலைக்குப் போகப்போற?" என்று பதினான்கில் ஒன்றுகூட அவளைக் கேட்டதில்லை.

கண் புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள மதுரையில் தங்கை வீட்டுக்குப் போகும்போது சார் வீட்டுச் சாவியைப் பூங்கோதையிடம் கொடுத்தார். கூடவே ஒரு தாள். தபால்காரர் தேடித் திணறாத குண்டு குண்டான எழுத்தில் நான்கு வரிகள். உணவு ஒரு சிட்டிகை, அதற்கு மேல் அன்பு காட்ட வேண்டாம். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றவும், குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்துவைத்த பிறகே ஊற்றவும். வடிகட்டியின் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழியவும். எதையும் மொத்தமாகக் கழுவ வேண்டாம், அழுக்காகத் தெரிவது அழுக்கு அல்ல. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"உன்னை நம்பித்தாம்மா போறேன்" என்றார். "மத்தவங்க ஆர்வக் கோளாறுல எதையாச்சும் பண்ணிடுவாங்க. நீ பண்ண மாட்ட."

ஆயுத பூஜைக்கு முதல் நாள், குடியிருப்பே வாளியும் துடைப்பமுமாக இருந்த காலை பத்து மணிக்கு, அவள் மீன்களுக்கு உணவு போட்டுக்கொண்டிருந்தபோது திறந்திருந்த கதவு வழியாக லோகநாயகி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பூங்கோதையின் அம்மா, மூன்றாம் மாடி பர்வீன், இன்னும் இரண்டு பேர்.

"ஐயய்யே, என்னடி இது? குளத்தங்கரைப் படி மாதிரி வழவழன்னு இருக்கு."

"அது வந்துக்கா, சார்..."

"சாருக்குப் புதுக் கண்ணு வச்சிருக்காங்க. வந்ததும் முத முதல்ல இந்தப் பாசியையா பாக்கணும் அவரு? நல்லாயிருக்கே!"

"கத்திரிக்கோல்லேர்ந்து சைக்கிள் வரைக்கும் இன்னைக்குக் குளிக்குது. இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் அம்மா.

"வீட்டுல பழைய பிரஷ் இருக்குக்கா, கொண்டாரேன்" என்று பர்வீன் மாடிக்கு ஓடினாள்.

கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. அதுதான் பூங்கோதைக்குப் பின்னாட்களில் தாங்க முடியாமல் இருந்தது. தாள் அவள் உள்ளங்கையில் இருந்தது. பிரித்து, கடைசி வரியை ஒருமுறை படித்தாள். மீன்களை வாளிக்கு மாற்றுவதற்குள் இன்னொருமுறை படித்தாள். வார்த்தை தொண்டைவரை வந்தது, இத்தனை பேர் நிற்கிறார்களே என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அவர்கள் கூழாங்கற்களை அரிசி களைவதுபோல ஏழு தண்ணீர் களைந்தார்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, வாங்கிய அன்றைய மஞ்சள் வரும்வரை அடித்துத் துவைத்தார்கள். ஏழு வருடம் சேர்ந்த ஏதோ ஒன்று தேநீர் நிறத்தில் சாக்கடைக்குப் போனது. குடியிருப்பின் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்து அந்த வாரம்தான் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள், அந்தத் தண்ணீரையே குழாயில் பிடித்து விளிம்புவரை நிரப்பி, கண்ணாடியின் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மீன்களை விட்டதும் பதினான்கும் மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே வாயை வைத்துத் திறந்து திறந்து மூடின.

"பாருடி, சந்தோஷத்துல மேல வந்து கும்புடுது!" என்றாள் லோகநாயகி. எல்லோரும் கைதட்டினார்கள். பூங்கோதையும் தட்டினாள். கையில் இருந்த தாள் அந்தத் தட்டலில் கசங்கியது.

அன்றோடு சி பிளாக்கில் அழுக்கு நின்றுபோனது.

ஒரு வாரத்துக்குள் அது எல்லோருக்கும் பழகிவிட்டது. மைதானத்துச் சேற்றில் புரண்டுவந்த பிள்ளைகள் முதல் படியில் கால் வைத்ததுமே சலவைக்கடையிலிருந்து வந்தவர்கள்போல ஆனார்கள், மீன்குழம்பு வைத்த சட்டி தானாகப் பளபளத்தது, மின்விசிறி இறக்கைகளில் தூசி இல்லை, நெற்றியில் வைத்த குங்குமம் வியர்வையில் கரையவில்லை. குடியிருப்போர் சங்கம் வாசலில் ஒரு பலகை எழுதிவைக்கத் தீர்மானம் போட்டது. எழுத வந்தவர் கை தவறிச் சிந்திய பெயின்ட் தரையில் ஒட்டாமல் உருண்டு ஓடியது, பலகையிலும் ஒட்டவில்லை என்பதால் தீர்மானம் தீர்மானமாகவே நின்றது. கல்யாணத் தரகர் ஒருவர் சி பிளாக்குப் பெண் ஒருத்தியின் ஜாதகத்தோடு "அழுக்குப் படியாத வீடு" என்ற வரியையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டார், "அப்ப பொண்ணுக்கு வீட்டு வேலையே தெரியாதே" என்று போய்விட்டார்கள். லோகநாயகிக்கு மத்தியானங்கள் நீண்டுபோயின. அவள் ஈரத்துணியை எடுத்துச் சுத்தமான தரையைத் துடைத்துவிட்டு, துணியைப் பிழிந்து, வருகிற தெளிந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

படிக்கட்டு பெருக்கும் அஞ்சலை மூன்று நாள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். நான்காம் நாள், "வராதேன்னு வாய்தொறந்து சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஏன்மா இந்த வேலை? நேரா சொல்லிருந்தா பி பிளாக்குல கேட்டிருப்பேனில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பொதுவாகத்தான் சொன்னாள். படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பூங்கோதை புத்தகத்தை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டாள்.

சாப்பாடுதான் சிக்கலாக இருந்தது. எதிரே இருக்கும் பி பிளாக்கிலிருந்து நன்றாகப் புளித்த மாவைக் கடன் வாங்கி வந்தால், சி பிளாக் வாசலைத் தாண்டும்போதே அது பெருமூச்சு விட்டு அடங்கியது. "எங்க மாவு உங்க வாசப்படியைக் கண்டா படுத்துக்குது" என்று பி பிளாக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே வழியும் கண்டுபிடித்தார்கள். காலையில் சி பிளாக்காரர்கள் தட்டும் சட்னியுமாக பி பிளாக் படிக்கட்டில் வரிசையாக உட்கார, அங்கே சுட்ட தோசை அங்கேயே இறங்கியது. பேசாதிருந்த இரண்டு குடும்பங்கள் அந்தப் படிக்கட்டில் பேசிக்கொண்டன. மோர் குடிக்க வேண்டுமென்றால் ஒரு தெரு தள்ளிப் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். ஊறுகாய் மட்டும் ஊறவே இல்லை. உப்பும் மிளகாயும் ஒட்டாத எலுமிச்சைத் துண்டுகள் ஜாடிக்குள் விருந்தாளிகளைப்போல விலகி உட்கார்ந்திருந்தன. காரணத்தை யாரும் தேடவில்லை. வந்தது போகும், போகாவிட்டால் இருக்கும் என்று இருந்தார்கள்.

மீன்கள் அப்படி இருக்கவில்லை. முதல் நாள் கப்பிகளில் இரண்டு. மறுநாள் ஒரு மோலி. பிறகு கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது, அந்தத் தெளிவுக்குள் அவை மேலே வந்து வாயைத் திறந்தன, மூடின, சத்தம் ஏதும் வரவில்லை. பூங்கோதை தொட்டியின் முன்னால் உட்கார்ந்து அந்த வாய்களைப் பார்ப்பாள். இறந்ததைக் கரண்டியில் எடுத்துப்போய், சாரின் ஜன்னலுக்கு வெளியே இருந்த செம்பருத்தித் தொட்டி மண்ணில் புதைப்பாள். அடுத்ததைப் புதைக்கத் தோண்டும்போது முந்தையது கிடைக்கும். அழுகாமல், நாறாமல், செதில் ஒன்றுகூட உதிராமல், எறும்பு தொடாமல், இப்போதுதான் நீந்தி வந்து படுத்ததுபோல மின்னிக்கொண்டு. சி பிளாக்கில்தான் எதுவும் மக்குவதில்லையே. அதனால் தினமும் அவள் ஒரு மீனைப் புதைக்கப் போய் எல்லா மீன்களையும் சந்தித்தாள், தினமும் மண்ணைத் தள்ளி எல்லோரையும் மூடினாள்.

பத்தாம் நாள் அவள் கடைத்தெருவில் மீன் விற்கும் கடைக்குப் போனாள். பெரிய காரியம் அது. கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்ல அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது.

"ஸ்பாஞ்சையும் கழுவிட்டியா?" என்றார் அவர். "கல்லையுமா? மொத்தமாவா? ஏம்மா, மீனு போடுற கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துறதே அதுல குடியிருக்கிற கிருமிங்கதான். கண்ணுக்குத் தெரியாத ஊரு அது. நீ ஊரையே கழுவி ஊத்திட்டு மீனு ஏன் சாவுதுன்னு கேக்குற."

"இப்ப என்ன பண்றதுண்ணா?"

"ஓடுற தொட்டியில இருக்கிற பழைய ஸ்பாஞ்சு ஒண்ணு தரேன். கொண்டுபோய் உள்ள போடு. புரை ஊத்துற மாதிரின்னு வச்சுக்கயேன்."

பழுப்பேறி வழவழத்த அந்த ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரோடு பாலித்தீன் பையில் கட்டி, கைக்குழந்தையைத் தூக்கிவருவதுபோல நெஞ்சோடு சேர்த்து எடுத்துவந்தாள். சி பிளாக்கின் முதல் படியில் கால் வைத்தாள். பைக்குள் தண்ணீர் தெளிந்தது. ஸ்பாஞ்சு கடை மஞ்சளில் சிரித்தது.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயிருந்து இறங்கிவந்த பர்வீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பர்வீனின் கணவர் மஸ்கட்டில் இருந்தார், போய் இரண்டு வருடமாகிறது.

"என்ன பாப்பா, இங்க உக்காந்துட்ட?"

"சும்மாதான்க்கா."

"நானும் சும்மாதான்." பர்வீன் கொஞ்ச நேரம் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். "அவரு கிளம்பின அன்னைக்குக் கழட்டிப் போட்ட சட்டை ஒண்ணைத் துவைக்காமயே கவர்ல போட்டு வச்சிருந்தேன். மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் தொறந்து ஒருவாட்டி மோந்து பாத்துட்டு மூடிடுவேன். சொன்னா சிரிப்ப. நேத்து தொறந்தேன். ஒண்ணுமே இல்ல. கடையில தொங்குற சட்டை மாதிரி இருக்கு." அவளே சிரித்தாள். "பைத்தியக்காரிதான் நான். அழுக்குச் சட்டைக்குப் போயி."

பூங்கோதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொட்டியைத் தேய்த்தது பர்வீன் கொண்டுவந்த பிரஷ்தான் என்று நினைத்தாள், சொன்னால் அவள் தாங்குவாளா என்று நினைத்தாள், அப்படி நினைத்தது பர்வீனுக்காகத்தானா என்றும் நினைத்தாள். வீட்டுக்குப் போய்க் கையை மோந்து பார்த்தாள். கையில் மண் இல்லை, மீன் இல்லை, அவளும் இல்லை.

சார் வருவதாகத் தொலைபேசி வந்த அன்று தொட்டியில் பெண் ஏஞ்சல் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. லோகநாயகிதான் முதலில் எண்ணினாள். ஒன்று என்பதை எண்ண எவ்வளவு நேரம் ஆகும். ஆனாலும் நாலடித் தொட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து நடந்து எண்ணினாள்.

"கரண்டு போச்சுன்னு சொல்லிடலாம்" என்றாள் கடைசியில். "ஒரு ராத்திரி முழுக்கக் கரண்டு இல்ல, மோட்டார் ஓடல, மீன் போயிடுச்சு. அவ்வளவுதான். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். நம்ம பொண்ணு பேரு கெடக்கூடாதுல்ல?"

"நீ ஒண்ணும் பேச வேணாம்டி" என்றாள் அம்மா மகளிடம். "எப்பவும்போல கம்முனு இரு. அதுவே போதும்."

சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கூடத்துக்குள் வந்து அதைக் கழற்றி, சட்டைப் பையில் வைத்து, தொட்டியைப் பார்த்தார். கூடத்தில் எட்டுப் பேர் நின்றார்கள். காற்று மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

லோகநாயகி சொன்னாள். அம்மா ஒத்து ஊதினாள். பர்வீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் வெகுநேரம் தலையாட்டினார். பிறகு பூங்கோதை பக்கம் திரும்பினார்.

"கரண்டு போனா யாரு என்ன பண்றது? தப்பு என்னுதுதாம்மா. பேட்டரி மோட்டார் ஒண்ணு வாங்கி வச்சிட்டுப் போயிருக்கணும். தோணவேயில்ல. உன்னை வேற சங்கடப்படுத்திட்டேன்." பைக்குள் கைவிட்டு ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார். "மதுரையில வாங்கினேன். பரீட்சைக்கு. நல்லா எழுதும்."

ஒரு பேனா. அதை வாங்க அவள் கை நீளவில்லை.

"கரண்டு போகல சார்."

அவள் குரல் அவ்வளவு பெரியது என்பது அங்கே யாருக்கும் தெரியாது, அவளுக்கும். அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அம்மா பின்னாலிருந்து முழங்கையில் கிள்ளினாள்.

"கரண்டு போகல. பூஜைக்குத் தொட்டியைக் கழுவினோம். கல்லு, ஸ்பாஞ்சு, எல்லாத்தையும். பிளீச்சிங் தண்ணியை ஊத்தினோம். இவங்களுக்கு எதுவும் தெரியாது சார். எனக்குத் தெரியும். நீங்க குடுத்த பேப்பர் என் கையிலதான் இருந்துச்சு. கடைசி வரியை ரெண்டு தடவை படிச்சேன். படிச்சிட்டு நின்னுட்டிருந்தேன். கைகூடத் தட்டினேன்."

"அடிப் பைத்தியமே" என்றாள் லோகநாயகி மெதுவாக. பிறகு, "பிரஷ்ஷைப் புடிச்சு தேய்ச்சது நான்தான் சார்" என்றாள்.

சார் அவளைப் பார்க்கவில்லை. பேனாப் பெட்டியைத் தொட்டியின் மூடிமேல் வைத்தார்.

"எங்க அவங்கல்லாம்?" என்றார்.

பூங்கோதை வெளியே போய்ச் செம்பருத்தித் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டுக் கையால் தோண்டினாள். பின்னாலேயே வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். பதின்மூன்றும் வெயிலில் மின்னின. சார் குனிந்து, ஆண் ஏஞ்சலை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். புதுக் கண்களுக்கு அருகில் கொண்டுபோனார்.

"செதில் ஓரத்துல இப்படி நீலமா இருந்துச்சா இதுக்கு?" என்றார். "ஏழு வருஷம் பாத்திருக்கேன். எனக்கு வெள்ளையாத்தானே தெரிஞ்சுது."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நீலம் மங்கியது. கண் குழிந்தது. வயிறு லேசாகத் தளர்ந்தது. இருபது நாள் காத்திருந்தது ஒரே மூச்சில் வந்ததுபோல, அவர் உள்ளங்கையிலிருந்து மெல்ல ஒரு வாசனை எழும்பியது. சுற்றி நின்றவர்களின் மூக்குகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

"நாறுது!" என்று கத்தினாள் லோகநாயகி. "ஐயோ, நாறுதுடி!" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் முந்தானையை மோந்து பார்த்தாள், பக்கத்தில் நின்றவளின் தலையை மோந்து பார்த்தாள். ஒருத்தி பெற்ற பிள்ளையைத் தேடிக்கொண்டு ஓடினாள். பர்வீன் மூன்று மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறினாள், பாலித்தீன் கவர் பிரிக்கும் சத்தம் கீழேவரை கேட்டது, அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவள் இறங்கிவந்து, பூங்கோதையைப் பார்த்து, இல்லை என்று ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு அப்பால் போனாள். வரப்போவது புது அழுக்கு, போனது போனதுதான்.

சார் மீனைத் திரும்ப மண்ணில் வைத்தார். பூங்கோதை மூடினாள். இருவரும் கூடத்துக்கு வந்தார்கள்.

"எனக்குக் கோபம் இருக்கு" என்றார் அவர்.

"தெரியும் சார்."

"போகச் சொல்லல. இருக்குன்னு சொல்றேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னைக்குக் கைக்கு சோப்பு போட்டியா?"

"இல்ல சார்."

"கழுவாத. அந்த மண்ணோடவே உள்ள விடு."

அவள் முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். விரல்களிலிருந்து, நக இடுக்குகளிலிருந்து, பதின்மூன்று பேர் படுத்திருந்த மண் மெல்லப் பிரிந்து புகைபோலப் பரவியது. கண்ணாடித் தெளிவில் முதல் கலங்கல். மேலே எந்த வீட்டிலோ, "பால் திரிஞ்சுபோச்சு! எல்லாரும் வாங்களேன், பால் திரிஞ்சுபோச்சு!" என்று ஒரு பெண் கல்யாணச் செய்தி சொல்வதுபோலக் கூவினாள். படிக்கட்டு முழுக்கக் கால்கள் ஓடின, அம்மாவின் கால்களும்.

மிச்சமிருந்த அந்த ஒற்றை மீன் நாலடி தள்ளி, தொட்டியின் அடுத்த கோடியில், மூலைக் கண்ணாடியோடு ஒட்டி நின்று அவள் கையைப் பார்த்தது. கிட்டே வரவில்லை. பூங்கோதை கையை எடுக்கவில்லை.